ஃபோர்ட்நைட்: மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் தொழில் பழக வந்திருக்கும் இரண்டு பேரின் மொழிபெயர்ப்பைப் போன வாரம் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டிலும் ஃபோர்ட்நைட் என்ற பழைய ஆங்கிலச் சொல் வந்தது. இரண்டு வாரம், அதாவது 14 நாள் என்று பொருள். ஒருவர் 'பதினைந்து நாள்' என்று எழுதியிருந்தார், இன்னொருவர் 'மாதம் இருமுறை' என்று. தொடக்கத்தில் நான் செய்த அதே இரண்டு தவறுகள். பேனாவை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சொல்லின் முதல் பாதியான 'ஃபோர்ட்'டைப் பார்த்து நாற்பது என்றோ கோட்டை என்றோ நினைத்துக்கொள்வதைப் பற்றி எழுதப்போவதில்லை. அகராதியைப் புரட்டினால் அது தீர்ந்துவிடும். அகராதியைப் பார்த்த பிறகும் வருகிற தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

'பதினைந்து நாள்' என்று எழுதுவது

பழைய ஆங்கிலத்தில் இது 'பதினான்கு இரவு' என்ற இரண்டு தனிச் சொற்கள். வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்து ஒன்றாக ஒட்டிக்கொண்டது. நாளைச் சொல்லாமல் ஏன் இரவைச் சொன்னார்கள்? ஜெர்மானியக் குலங்கள் நம்மைப் போலப் பகலை எண்ணுவதில்லை, இரவைத்தான் எண்ணுகிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதிய நூலிலேயே குறித்திருக்கிறார். அந்தக் குலங்கள் சில பிரிட்டனுக்குப் போய்க் குடியேறின, எண்ணும் பழக்கமும் கூடவே போனது.

பக்கத்திலிருக்கும் வேல்ஸ் மொழியிலும் இரவுக் கணக்குதான். ஆனால் அங்கே ஒரு வாரத்துக்கான சொல்லின் பொருள் 'எட்டு இரவு', இரண்டு வாரத்துக்கு 'பதினைந்து இரவு'. பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றுதான் சொல்கிறார்கள். நம் பேச்சிலும் 'பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க' என்றால் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். இந்தத் திங்களையும் அடுத்ததற்கு அடுத்த திங்களையும் சேர்த்தே எண்ணினால் பதினைந்து வருகிறதல்லவா, அந்தக் கணக்கு. பேச்சில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒப்பந்தத்தில் 'ஃபோர்ட்நைட்டுக்குள் பதில் தரவேண்டும்' என்று இருந்தால் பதினான்காம் நாளோடு கெடு முடிந்துவிடும். நீங்கள் எழுதியதை நம்பிப் பதினைந்தாம் நாள் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

'மாதம் இருமுறை' என்று எழுதுவது

இதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

2013-இல் மெல்போர்னுக்குப் படிக்கப் போன ஒரு மாணவியின் வாடகை ஒப்பந்தம் என்னிடம் வந்தது. திண்டுக்கல்லில் இருந்த அவருடைய அப்பாவுக்குத் தமிழில் வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாடகையை வாரத்துக்கோ ஃபோர்ட்நைட்டுக்கோ கணக்கிடுவது சாதாரணம். ஃபோர்ட்நைட்டுக்கு 600 டாலர் என்று இருந்தது. 'மாதம் இருமுறை 600 டாலர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படிக்க நன்றாக இருந்தது, சந்தேகமே வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அந்த அப்பா போன் செய்தார். "ஐயா, இந்த மாசம் மூணு தடவை எடுத்திருக்காங்க. பொண்ணை ஏமாத்துறாங்களா?" யாரும் ஏமாற்றவில்லை. 1, 15, 29 என்று மூன்று வியாழக்கிழமைகள், பதினான்கு நாளுக்கு ஒருமுறை சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். மறுநாள் அவர் தன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். மாதவாரியாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் 1,200 என்று நீல மையில் எழுதி, ஓரத்தில் ரூபாய்க் கணக்கும் வைத்திருந்தார். ஆகஸ்ட் கட்டத்தில் மட்டும் 1,200-ஐ அடித்து 1,800. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மாதம் இருமுறை என்றால் வருஷத்துக்கு 24 தவணை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26. 14,400 டாலருக்குப் பதில் 15,600. அந்த 1,200 டாலர் வித்தியாசத்தை அவர் கல்விக் கடனில் கேட்கவே இல்லை, ஏனென்றால் நான் எழுதிய தாளை வைத்துத்தான் கடனுக்குக் கணக்குப் போட்டிருந்தார். கைமாற்று வாங்கிச் சரிக்கட்டினார். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சம்பளத்திலும் இதே கதைதான், அங்கே தவறு எதிர்ப்பக்கம் சாயும். 26 சம்பளம் வரப்போகிறவருக்கு 24 என்று சொல்லி, நல்ல வேலையைக் குறைந்த சம்பளமாகக் காட்டிவிடுவோம். பத்திரிகையிலும் 'மாதமிருமுறை' வேறு, 'இருவார இதழ்' வேறு. முன்னதற்கு வருஷத்துக்கு 24 இதழ், பின்னதற்கு 26. சந்தா கட்டுகிறவருக்கு அது தெரியவேண்டும்.

'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை' என்று எழுதுங்கள். நீளமாக இருக்கிறதே என்று சுருக்காதீர்கள். பண விஷயமானால் 'அதாவது 14 நாளுக்கு ஒருமுறை' என்று கூடவே சேருங்கள். யாராவது மாதக் கணக்கு கேட்டால் தொகையை இரண்டால் பெருக்காதீர்கள். 14-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுக்கவேண்டும். 600-க்கு ஏறத்தாழ 1,304 வரும்.

'பட்சம்' என்று எழுதுவது

அது திதிக் கணக்கு, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியது. ஃபோர்ட்நைட் எந்தக் கிழமையிலும் தொடங்கும். வேண்டாம்.

கிழமையோடு சேர்ந்து வரும்போது தடுமாறுவது

பிரிட்டிஷ்காரர் 'மன்டே ஃபோர்ட்நைட்' என்றால் திங்களில் தொடங்கும் இரண்டு வாரம் என்று பொருளில்லை. வருகிற திங்களிலிருந்து இரண்டு வாரம் தள்ளி வரும் திங்கள், ஒரே ஒரு நாள்.

இதற்கு ஒரு தம்பி உண்டு: 'செனைட்', ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். இன்று வழக்கில் இல்லை, பழைய நாவல்களில் கிடைக்கும். ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், நவம்பர் 18 திங்கட்கிழமை வருகிறேன், அதையடுத்த 'சாட்டர்டே செனைட்' வரை தங்குவேன் என்று கடிதம் போடுகிறார். 'சனிக்கிழமை வரை ஒரு வாரம்' என்று ஒருவர் எனக்கு எழுதிக் காட்டினார். கணக்கைப் பாருங்கள். திங்கள் 18, அந்தச் சனி 23, அதிலிருந்து ஒரு வாரம் தள்ளினால் 30. அழையா விருந்தாளி பன்னிரண்டு நாள் தங்கப்போகிறார். அவர் எவ்வளவு நீளத் தங்கலுக்குத் தானே நாள் குறிக்கிறார் என்று வாசகருக்குப் புரிய அந்தப் பன்னிரண்டு நாளும் வேண்டும்.

பைவீக்லியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

பைவீக்லி என்ற ஆங்கிலச் சொல் வாரம் இருமுறையாகவும் இருக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகவும் இருக்கலாம். எழுதியவரையே கேளுங்கள்.

இந்திய வங்கி ஆவணத்திலும் 14 நாள் என்றே எழுதுவது

இது புதிய பள்ளம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் ஃபோர்ட்நைட் என்பது ஒரு சனிக்கிழமையில் தொடங்கி இரண்டாவது வெள்ளிக்கிழமையில் முடிவதாக இருந்தது, சரியாக 14 நாள். 2025-இல் வந்த வங்கிச் சட்டத் திருத்தம் அதை மாற்றிவிட்டது. இப்போது 1-ஆம் தேதி முதல் 15 வரை ஒன்று, 16 முதல் மாதக் கடைசி வரை இன்னொன்று. பிப்ரவரியில் 13 நாளுக்கும் வரும், ஜூலையில் 16 நாளுக்கும் வரும். அதனால் இப்படிப்பட்ட ஆவணம் வந்தால் முதலில் அது எந்த வருஷத்தது என்று பார்க்கிறேன். அப்புறம் தமிழில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் எழுதிவிடுகிறேன்.