ஃபிளக்ஸ் அச்சுக்குப் போகுமுன்: பெரிய, பெரும், பேர்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொதுக்கூட்டமோ, புதுச்சேரியில் தேர்த் திருவிழாவோ, ஃபிளக்ஸில் முதலில் சறுக்குவது ‘மாபெறும்’தான். வல்லின ‘று’ போட்டால் அது பெறுதல்: பரிசு பெறும், சம்பளம் பெறும். அளவைச் சொல்ல இடையின ‘ரு’ வேண்டும்: மாபெரும். நடுவே ‘ப்’ சேர்த்து ‘மாப்பெரும்’ ஆக்கவும் கூடாது.

அடுத்தது ‘பெரியக் கடை’. ‘பெரிய’ என்பது பெயரெச்சம். அதன்பின் வல்லினம் மிகாது. பெரிய கடை, பெரிய கோயில், பெரிய காலாப்பட்டு என்றே வரும். பிறகு ‘பெரியப்பா’வில் மட்டும் எப்படி ‘ப்’ என்று கேட்பார்கள். அது ‘அப்பா’ கையோடு கொண்டுவந்த ‘ப்’, சந்தியில் முளைத்ததல்ல.

சேர்த்தெழுதும்போதுதான் குழப்பம் அதிகம். ‘பெருமை’யில் ‘மை’ போனால் மிஞ்சுவது ‘பெரு’. அடுத்து உயிரெழுத்து வந்தால் முதலெழுத்து நீண்டு ‘பேர்’ ஆகும்: பேரிழப்பு, பேராபத்து, பேருதவி. க, ச, த, ப வந்தால் அததற்கு இனமான மெல்லெழுத்து தோன்றும்: பெருங்கூட்டம், பெருஞ்செலவு, பெருந்திரள், பெரும்படை. ம, ந, வ போன்றவற்றுக்கு எதுவும் தேவையில்லை: பெருமழை, பெருநகர், பெருவிழா. ‘பெரும்விழா’ என்று ஒட்டி எழுதுவது பிழை; பிரித்து, ‘பெரும் விழா’ என்றால் வழக்கில் உண்டு.

2004 டிசம்பர் 26 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்தைத் தாக்கியது ஆழிப்பேரலை (சுனாமி). அதைப் ‘பெரிய பேரலை’ என்றால் ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதியதாகும். ‘பெரிய பேரிடர்’, ‘பெரும் பேரிழப்பு’ எல்லாம் இதே கணக்குத்தான்.

பேச்சில் ‘பெருசு’ சரி, எழுத்தில் ‘பெரிது’. வயதானவரைப் ‘பெருசு’ என்பது கேலி. அழைப்பிதழில் ‘பெரியவர்’ என்று போடுங்கள்.

பெரியதெல்லாம் ‘பெரு’ ஆகிவிடாது. கடலூர்க் கரையில் நின்று பார்ப்பது வங்கக் கடல். கண்ணுக்கெட்டாத கடல்தான், ஆனாலும் ‘வங்கப் பெருங்கடல்’ என்று எழுதக்கூடாது. அது இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதி.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் தேவை. ‘பேர்’ இருக்கிறதே என்று பேரூராட்சியை நகராட்சிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். அது பெரிய ஊர், அவ்வளவே. நகரம் அதற்கு அடுத்த படி. குறிஞ்சிப்பாடி பேரூராட்சி. கடலூர் நகராட்சியாக இருந்து 2021-இல் மாநகராட்சி ஆனது. பழைய ஃபிளக்ஸ் கோப்பையே திருத்தி அச்சடிப்பவர்கள் அந்த ‘மா’வைச் சேர்த்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளவும்.