மூன்று ஊசி போட்டும் சினை பிடிக்காத மாடு: என் அனுபவம்

ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. கன்று போட்ட 70ஆம் நாள் பருவத்துக்கு வந்தது. சினை ஊசி (காளையின் விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்) போட்டால் சரியாக 21ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். மூன்று ஊசி, 63 நாள் வீண்.

தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் கொடுத்தேன். வேறு காளையின் உறைவிந்து போட்டுப் பார்த்தேன். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்று நேரத்தையும் சரிசெய்தேன். எல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனால் கோளாறு வேறு இடத்தில்.

பருவத்தின்போது மாட்டின் பிறப்புறுப்பில் சளி போல வடிவதுதான் வழும்பு. மாடு நிற்கும்போது வடிந்த வழும்பு கண்ணாடி போலத்தான் இருந்தது. நாலாவது பருவத்தன்று விடிகாலையில், அது படுத்து எழுந்த கறுப்பு ரப்பர் விரிப்பில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வழும்புக்குள் அரிசி நொய் அளவில் வெள்ளைத் திட்டுகள். சீழ். கருப்பை முன்பக்கம் சரிந்து கிடப்பதால் அடியில் தேங்கியது படுக்கும்போதுதான் அழுத்தத்தில் வெளியே வருகிறது. இந்த ஈத்தில் நஞ்சுக்கொடி விழ ஒரு நாளுக்கு மேல் ஆனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர் அந்தப் பருவத்தில் சினை ஊசி போடாமல் கருப்பைக்குள் மருந்து செலுத்தினார், மூன்று நாள். அவர் சொன்ன நாள் வரை பாலை விற்கவில்லை. அடுத்த பருவத்தில் விரிப்பில் கிடந்த வழும்பும் தெளிவாக இருந்தது. அன்று போட்ட ஊசிக்குப் பிறகு 21ஆம் நாளும் கத்தவில்லை, 42ஆம் நாளும் கத்தவில்லை. 70ஆம் நாள் மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்து சினை என்றார். இப்போதுதான் நிம்மதி.