குமரியிலிருந்து துபாய் வருபவர்களுக்கு: கையை எங்கே இறுக்க வேண்டும், எங்கே கூடாது

மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கமிருந்து வந்திறங்கும் தம்பிமாரே, விசாவுக்கு வாங்கிய கடன் தலைக்குமேல் நிற்கும்போது கை தானாக இறுகத்தான் செய்யும். அது தப்பில்லை. ஆனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிடித்த மிச்சம் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் தொழிலாளர் கேம்பில் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன்.

காலையில் பாலில்லாத கட்டஞ்சாயா, மதியம் குப்பூஸ் என்கிற அரபு ரொட்டியும் தயிரும், ராத்திரிக்கும் அதே குப்பூஸ் என்று ஓட்டாதீர்கள். அறையில் நாலைந்து பேர் சேர்ந்து மெஸ் போடுங்கள். மட்டை அரிசி, மரச்சீனிக்கிழங்கு, மத்தி எல்லாம் மலையாளிக் கடைகளில் கிடைக்கும். தேங்காய் அரைத்து ஒரு சட்டி மீன்கறி வைத்தால் இரண்டு நேரத்துக்கு ஆகும். பங்கு போட்டால் ஓட்டல் செலவைவிடக் குறைவு. கணக்கை நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். அதற்காக மீன் துண்டை எண்ணுகிற ஆளாகிவிட வேண்டாம். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துத் தரப்போவது அந்த நாலு பேர்தான்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்க அமீரகத்தில் தடை உண்டு. மற்ற நேரத்திலும் வெயில் கொல்லும். தண்ணீருக்கும் மோருக்கும் காசு பார்க்காதீர்கள்.

வேலையிழப்புக் காப்பீட்டுக்கு, அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமுக்குள் இருந்தால், மாதம் 5 திர்ஹம்தான். அதில் சேராமல் விட்டால் அபராதம் 400 திர்ஹம். இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண்வேலை.

கொஞ்சம் கூடுதல் ரேட் கிடைக்குமென்று உண்டியலில், அதாவது ஹவாலா வழியில், பணம் அனுப்பாதீர்கள். அது சட்டவிரோதம், பணம் போனால் கேட்க நாதியில்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கென்று ஊர் வங்கிகளில் உள்ள என்ஆர்ஈ கணக்கு தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது.

கையை இறுக்க வேண்டிய இடம் முதல் லீவு. அத்தர், சாக்லேட், சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் என்று பெட்டி கட்டினால், சேர்த்தது போய் திரும்பி வரவும் கடன் வாங்க வேண்டிவரும். விசாக் கடன் தீராமல் வீட்டுக்கு மாடி எடுக்கவும் வேண்டாம். சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கையில் என்ன வருகிறதென்று தெரிந்தால் வீட்டில் கேட்பதும் குறையும், நீங்கள் இல்லையென்று சொல்லும்போது சண்டையும் வராது.