ஜிபிடி வட்டும் பழைய பயாஸும்: க்ரப் நிறுவிய என் அனுபவம்

கணினியைத் தொடக்கிவைக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ இல்லாத, பழைய முறையான பயாஸ் மட்டுமே உள்ள என் பழைய கணினிக்கு 4 டிபி வன்தட்டு வாங்கினேன். 512 பைட் செக்டர்களை (சிறு சேமிப்புக் கூறுகளை) கொண்ட வட்டில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையால் 2 டிபிக்கு மேல் கையாள முடியாது என்பதால், ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறையில் பார்ட்டிஷன்களை (வட்டின் தனிப் பகுதிகளை) பிரித்து, பழைய வட்டிலிருந்த டெபியன் லினக்ஸை அதில் நகலெடுத்தேன். ஆனால் இயங்குதளத்தை எழுப்பும் நிரலான க்ரப்பை நிறுவ முயன்றபோது, பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை என்ற பிழைச்செய்தி வந்தது.

காரணம் தெளிவானது. எம்பிஆர் வட்டில் முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையே யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடத்தில் க்ரப் தன் மையப் பகுதியை எழுதிவிடும்; ஜிபிடியிலோ 0 முதல் 33 வரையிலான செக்டர்களில் தலைப்பும் அட்டவணையும் அமர்ந்துவிடுவதால், க்ரப்புக்கென்று தனி இடம் ஒதுக்கியாக வேண்டும். வலுக்கட்டாயமாக நிறுவும் வழியும் உண்டு, ஆனால் க்ரப்பின் கோப்பு வட்டில் இடம் மாறினாலே பூட் ஆகாமல் போகும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் பார்ட்டிஷன் 2048ஆம் செக்டரில் தொடங்கியதால், எதையும் அழிக்கவோ சுருக்கவோ தேவைப்படவில்லை. வட்டில் நிறுவாமலே இயங்கும் லைவ் யூஎஸ்பியில் ஜிடிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து, சீரமைப்பு அளவை (பார்ட்டிஷன் எத்தனை செக்டருக்கு ஒருமுறை தொடங்கலாம் என்பதை) 1 ஆக்கி, 34 முதல் 2047 வரையிலான செக்டர்களில் ஈஎஃப்02 வகை, அதாவது பயாஸ் பூட் பார்ட்டிஷனை உருவாக்கினேன். அதற்குக் கோப்பு முறைமை வேண்டியதில்லை. ஃபார்மேட் செய்யவும் கூடாது. பிறகு டெபியன் இருக்கும் புதிய ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் அடைவுகளை இணைத்து, சிஎச்ரூட் கட்டளையால் அந்த டெபியனுக்குள் நுழைந்து, மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் யூயூஐடிகளை (பார்ட்டிஷன்களின் அடையாள எண்களை) மாற்றினேன். க்ரப்பைப் பார்ட்டிஷனில் அல்லாமல் முழு வட்டின் மீதே நிறுவி, அதன் பட்டியலைப் புதுப்பித்ததும் டெபியன் தடையின்றி எழுந்தது.