மீத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசுப் பள்ளிகளில் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்வையிடும்போது, மீத்திறன் மாணவர்களிடம், அதாவது வயதுக்கு மிஞ்சிய திறன் உடையவர்களிடம், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளே அச்சுப் பிசகாமல் திரும்ப நிகழ்வதைக் காண்கிறேன். எவரும் சுட்டிக்காட்டக்கூடிய சிறு பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

முடித்தவருக்கு மேலும் அதே கணக்கு

மற்றவர்கள் பாதியைத் தாண்டுவதற்குள் எல்லாக் கணக்குகளையும் போட்டுவிட்ட மாணவியிடம், அதே வகைக் கணக்குகளை இன்னும் ஒரு பக்கம் நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஆசிரியர் அதை ஊக்கம் என்று கருதுகிறார். மாணவிக்கோ அது விரைந்து முடித்ததற்கான தண்டனை. பின்னக் கணக்கில் தேர்ந்த ஒரு சிறுமி, கடைசி விடையை மணியடிக்கும் வரை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று குறித்துக்கொண்டார். இப்படித் திறனை ஒளிக்கப் பழகும் குழந்தை, கடினமான ஒன்றோடு மல்லுக்கட்டும் பழக்கத்தைப் பெறாமலேயே மேல்வகுப்புக்குச் சென்று, அங்கே எதிர்ப்படும் முதல் சிக்கலிலேயே தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது.

அலகைத் தொடங்கும் முன்பே அதன் இறுதித் தேர்வை வைத்து, தெரிந்த பகுதிகளிலிருந்து மாணவருக்கு விலக்களிப்பதே தக்க வழி. கல்வி ஆய்வாளர்களான ஜோசப் ரென்சுல்லி, சாலி ரைஸ் முதலியோர் இதைப் பாடச்சுருக்கம் என்ற முறையாக வளர்த்தெடுத்தனர்; 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த அவர்களது ஆய்வில், ஆசிரியர்கள் இத்தகைய மாணவர்களுக்கான பாடப்பகுதியில் 40 முதல் 50 விழுக்காடு வரை நீக்கியும் தேர்வு அடைவு குறையவில்லை. மிஞ்சும் நேரத்தை, அவர்களுக்கு உடனே விடை தெரியாத கணக்குகளுக்குத் தர வேண்டும். வருகைப் பதிவேட்டைச் சுமந்து செல்லும் வேலைக்கு அல்ல.

துணை ஆசிரியராக்குதல்

விரைந்து முடித்தவரை மற்ற மாணவர்களுக்குக் கற்பிக்கச் சொல்வது எப்போதாவது சரி, அன்றாடம் கூடாது.

ஒரே தேர்வை நம்பித் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் மீத்திறன் குழந்தைகளைப் பற்றி 1921இல் தொடங்கிய ஆய்வுக்கான நுண்ணறிவுத் தேர்வில் தேறாமல் விடுபட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் உண்டு. இருவரும் முறையே 1956இலும் 1968இலும் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியரின் பரிந்துரையை மட்டும் நம்பினாலோ, அழகான கையெழுத்தும் அடக்கமும் உடையவர்களே பட்டியலில் நிறைவார்கள்; ஆகவே அனைவரையும் சோதிப்பதோடு, அவர்கள் செய்த வேலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பு தாண்ட அஞ்சுதல்

மாணவரை ஒரு வகுப்பு முழுவதையும் தாண்டவைக்கத் தயங்கினால், அவர் தேர்ந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மேல்வகுப்பில் அமரவைக்கலாம்.