நம் தோட்டத்து எழுத்தாளரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுற்று வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலை செய்துகொண்டே எழுதியவர்களின் கதை, கவிதைகளைத் தேடித் தொகுப்பதும், நூலாக்குவதும், விருதுகளுக்கு அனுப்பி வைப்பதும்தான் இப்போது என் வேலை. "எங்க தோட்டத்திலயும் ஒருத்தர் பேப்பர்ல எழுதுவார் டீச்சர், அவருக்கு ஏதாவது விருது கிடைக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் விண்ணப்பப் பாரத்தில் தொடங்கினால் ஒன்றும் நடக்காது. அவருடைய எழுத்தைத் தேடி எடுப்பதில் தொடங்க வேண்டும். விருது கொடுப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது நூலைத்தான். நம் எழுத்தாளர்களில் பாதிப் பேருக்கு நூலே கிடையாது.

எந்த விருது யாருக்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாட்டின் உயர்ந்த இலக்கிய விருது 'அனுகெரா சாஸ்தெரா நெகாரா'. 1981-இல் முதன்முதலாகக் கொடுத்தார்கள், பெற்றவர் கெரிஸ் மாஸ். 2015-இல் பெற்ற சூரினா ஹசான்தான் முதல் பெண். 2022-இல் பெற்ற ரஹ்மான் ஷாரி 15-ஆவது ஆள். பணமுடிப்பு உண்டு, அரசாங்க மருத்துவமனையில் முதல் வகுப்புச் சிகிச்சை உண்டு, 'தேசிய இலக்கியவாதி' என்ற பட்டமும் உண்டு. ஆனால் அது மலாய் மொழியில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். தமிழில் எழுதியவர் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் அந்தப் பட்டியலில் வர வழியில்லை. ஆகவே அந்தப் பாரத்தைத் தேடி, அரசாங்கத்தின் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவுக்கு அலைய வேண்டாம்.

இது சரியில்லை என்பது என் கருத்து. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணைப் பற்றியே எழுதியவரின் எழுத்தும் இந்த நாட்டின் இலக்கியம்தான். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் அரசாங்கத்தின் கலாசாரப் பதக்கத்தை 1986-இல் ந. பழநிவேலு பெற்றார், 2005-இல் மா. இளங்கண்ணன் பெற்றார். இருவரும் தமிழில் எழுதியவர்கள். நாமும் இங்கே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெறுங்கையோடு கேட்கக் கூடாது, நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

தமிழுக்கென்று இருக்கும் விருதுகளில் நான் முதலில் சொல்வது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் டான் ஸ்ரீ சோமா அறவாரியம் தரும் புத்தகப் பரிசை. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. அவர் எங்கள் சுங்கை சிப்புட்காரர். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய பங்குப் பணத்தில் வளர்ந்த சங்கம் என்பதால் அந்தப் பரிசின் மேல் எனக்குத் தனி மரியாதை. அப்புறம் வல்லினம் இலக்கிய இதழ்க்காரர்கள் தரும் வல்லினம் விருது இருக்கிறது. 2014-இல் முதல் விருது, ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி நாவல் எழுதிய அ. ரெங்கசாமிக்குப் போனது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் போட்டி, பரிசு நடத்துகிறது. நாட்டுக்கு வெளியிலும் பாருங்கள். கெடாவிலிருந்து தோட்ட வாழ்க்கையை எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017-இல் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். ரப்பர் மரத்தையே பார்த்திராத வாசகர்கள் அவரைப் படித்துவிட்டு வந்து கைகொடுத்த விருது அது.

விதிமுறையும் கடைசி நாளும் ஒவ்வொரு முறையும் மாறும். போன முறை பாரத்தை நம்பாமல் போன் போட்டு இந்த முறை பாரத்தை வாங்குங்கள். எந்த ஆண்டு வெளிவந்த நூல்களைச் சேர்ப்பார்கள், விண்ணப்பம் போட வேண்டுமா அல்லது அவர்களே தேர்ந்தெடுப்பார்களா, எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டால் போதும்.

இனி தேடும் வேலை. இதில்தான் பொறுமை வேண்டும்.

இங்கே பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய பெரியவர் ஒருவரின் எழுத்தை எப்படி எடுத்தோம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். கவிதைகளை அவர் 555 புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். இடது பக்கம் அரிசி, சீனி, மண்ணெண்ணெய்க் கணக்கு, வலது பக்கம் கவிதை. அச்சில் வந்த கதைகளைக் கத்தரித்து, கிராணியிடம் (தோட்டத்து எழுத்தர்) கேட்டு வாங்கிய பழைய செக்ரோல் புத்தகத்தில் (ஆள் வரவுப் பதிவேடு) கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தார். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. தலைப்பும் புனைபெயரும் தெரிந்தன, பத்திரிகையின் பெயரும் தேதியும் இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இந்த மாதிரி நறுக்குகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் வீட்டிலேயே, அவர் கண் முன்னால் வேலையை முடியுங்கள். காலை நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு, கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். பிளாஷ் போடாதீர்கள், மஞ்சளேறிய தாளில் எழுத்து வெளுத்துவிடும். முழுப் பக்கத்துக்கு ஒரு படம், எழுத்து தெளிவாகத் தெரிய கிட்டத்தில் ஒரு படம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது, லேமினேட் செய்யவும் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த இரண்டும்தான் பழைய தாளைக் கெடுக்கின்றன.

தேதி இல்லாத நறுக்கு ஒட்டப்படாமல் தனியாகக் கிடந்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சினிமா விளம்பரமோ, தேர்தல் செய்தியோ, தீபாவளி வாழ்த்தோ இருக்கும். அதை வைத்தே ஆண்டைப் பிடித்துவிடலாம். ஒட்டியிருந்தால் பக்கத்துப் பத்தியில் தப்பி வந்திருக்கும் இரண்டு வரிச் செய்தியைப் படியுங்கள்.

எழுதியவரிடம் "எந்த வருஷம் ஐயா எழுதுனீங்க?" என்று கேட்டால் "அது ஆச்சும்மா, ரொம்ப நாளு" என்றுதான் பதில் வரும். அதை விட்டுவிட்டு, "அப்ப நீங்க எந்தத் தோட்டத்துல, எந்த நிரையில வெட்டுனீங்க? பெரிய பிள்ளை பள்ளிக்கூடம் போய்டுச்சா?" என்று கேளுங்கள். வெட்டுமரம், பிள்ளைப்பேறு, தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயத்தை விட்டு வெளியேறியது, இவையெல்லாம் ஆண்டுக்கணக்கை விட நன்றாக நினைவில் இருக்கும். புனைபெயர்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு படைப்பு அனுப்புவதற்காக மனைவி பெயரிலும் மகள் பெயரிலும் எழுதியவர்கள் உண்டு. வானொலிக்கு நாடகம் எழுதினாரா என்பதையும் கேட்டுவிடுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

விட்டுப் போனதைத் தேட நூலகத்துக்குப் போக வேண்டும். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்புகள்தான் பெரிய சுரங்கம். 1950-களில் அந்தப் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள், அதன் பிறகு கு. அழகிரிசாமி அங்கே ஆசிரியராக இருந்தார். உங்கள் எழுத்தாளர் அந்தத் தலைமுறை என்றால் அங்கேயே தொடங்குங்கள். கதைக்குத் தங்கப் பவுன் பரிசு கொடுத்த பவுன் பரிசுக் காலத்தவர் என்றாலும் அங்கேதான். கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். போகும்போது புனைபெயர்ப் பட்டியலும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற குறிப்பும் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்கப் புரட்டியும் ஒன்றும் அகப்படாது. சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களுக்கு அலைச்சலே இல்லை. சிங்கப்பூர் தேசிய நூலகம் அதை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

தட்டச்சு செய்யும்போது யூனிகோடில் செய்யுங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். கணினியில் தமிழை ஓட வைத்த முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், அவர் தந்த வசதியை நாம் பயன்படுத்தாமல் இருக்கலாமா? ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எழுத்துப்பிழையைத் திருத்தலாம், தோட்டத்துப் பேச்சைத் திருத்தக் கூடாது. பெரட்டுக் களமும் (காலையில் பேர் கூப்பிடும் இடம்) மங்கும் (பால் வடியும் கிண்ணம்) அவர் எழுதியபடியே நிற்கட்டும். அதை 'நல்ல தமிழுக்கு' மாற்றிவிட்டால் அந்தக் கதையில் அவர் இருக்க மாட்டார். வெளியூர் வாசகருக்குப் புரியாது என்று தோன்றினால் நூலின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் போடுங்கள், போதும்.

அடுத்து அனுமதி. எழுதியவர் இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் வாரிசுகளிடமும் எழுத்து மூலமாக வாங்குங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை குடும்பத்துக்கு. ஒரு பிள்ளையிடம் மட்டும் வாங்காமல் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நூல் வந்து, பேரும் வந்த பிறகுதான் மனஸ்தாபங்கள் கிளம்பும்.

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அச்சானதும் அதே நூலகத்துக்கு 5 பிரதிகள் கொடுக்க வேண்டும் என்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். அந்த 5 பிரதிகள் உள்ளே போனால்தான் இந்த நாட்டின் நூல் பட்டியலில் அவர் பெயர் ஏறும். தேசிய விருது தமிழுக்கு மூடியிருந்தாலும் தேசிய நூலகம் மூடியில்லை. 300 பிரதிகளுக்கு மேல் அடிக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. மீதமுள்ள பணத்தில் நல்ல கதைகளில் இரண்டு மூன்றை மலாய்க்கு மொழிபெயர்க்க ஆள் பாருங்கள். நம் எழுத்தை மலாய் வாசகர் படித்தால்தான் 'இதுவும் நம் நாட்டு இலக்கியம்' என்று அவர்களும் சேர்ந்து கேட்பார்கள்.

இப்போது பரிந்துரைக் கடிதம். ஒரு பக்கம் போதும். 'தமிழ்த்தாயின் தவப்புதல்வர், ஈடு இணையற்ற படைப்பாளி' என்று எழுதினால் நடுவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். எல்லாக் கடிதத்திலும் அதுதான் இருக்கும். நான் எழுதுவது இப்படி: "விடியற்காலை பெரட்டுக்குப் போய், பால் எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்து, மதியத்துக்கு மேல் எழுதியவர். பெண் தொழிலாளர்களின் பிரசவ கால வேலைச் சிரமத்தை இவர் மூன்று கதைகளில் எழுதியிருக்கிறார், பக்கம் இன்னது." பக்க எண் கொடுத்தால் நடுவர் திருப்பிப் பார்ப்பார். நூல் பட்டியல், வெளிவந்த இடம், தேதி, புனைபெயர்கள் இவற்றைத் தனித்தாளில் இணையுங்கள். அதே தகவலைத் தமிழ் விக்கி என்ற இணையக் கலைக்களஞ்சியத்துக்கும் அனுப்பி வையுங்கள். மலேசிய எழுத்தாளர்களைப் பற்றி அங்கே நிறையப் பதிவுகள் இருக்கின்றன, உங்கள் ஆளும் அங்கே இருக்க வேண்டும்.

விருது முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பள்ளி மண்டபத்தில் ஒரு மாலை நேரம் நூலை வெளியிடுங்கள். பொன்னாடையைப் போட்டு, தலைவர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் பேசி, எழுதியவருக்குக் கடைசியில் இரண்டு நிமிடம் கொடுக்கும் நிகழ்ச்சியாக அது ஆகிவிடக் கூடாது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அவருடைய கதை ஒன்றை முழுதாகப் படிக்கட்டும். கூடப் பால் வெட்டியவர்கள் யாராவது அந்தக் காலத்தைப் பற்றிப் பேசட்டும். எங்கள் பெரியவருக்கு அப்படித்தான் செய்தோம். கதையில் வரும் அம்மாயி யாரென்று கூட்டத்தில் இருந்தவர்களே அடையாளம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தேநீரும் வடையும் தாராளமாக இருக்கட்டும், மொய் வாங்குவது மாதிரி நூலை விற்காதீர்கள். வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு ஆளுக்கு இரண்டு பிரதி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று. பாரத்தில் புனைபெயரோடு அடையாள அட்டையில் உள்ள பெயரையும் அப்படியே எழுதுங்கள். தோட்டத்துப் பதிவில் பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டவர்கள் நம்மில் ஏராளம். பரிசுக் காசோலை புனைபெயரில் வந்தால் வங்கியில் மாற்ற முடியாது. அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, பிள்ளைகளில் ஒருவரின் கைப்பேசி எண் இவற்றையும் சேர்த்து, அனுப்பும் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.