மே 31 லாரிகள் எங்கே போயின?

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் டேட்டாபேஸ் என் பொறுப்பு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் லாரிப் பதிவுகளுக்கு மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன், அதாவது மெயின் டேபிளின் ஒரு துண்டு. மே பார்ட்டிஷனில் 31ஆம் தேதி லாரிகளைக் காணோமா? மெயின் டேபிளில் டேபிள்ஓஐடியையும் (tableoid, வரி இருக்கும் டேபிளைக் காட்டும் உள் காலம்) சேர்த்து செலக்ட் செய்யுங்கள். எந்த வரி எங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் டிஃபால்ட்டில்தான், அதாவது எந்த மாதத்தின் எல்லைக்குள்ளும் வராத வரிகள் விழும் பார்ட்டிஷனில். பார்ட்டிஷனின் தேதி ரேஞ்சில் ‘டு’ (TO) என்ற முடிவுத் தேதி சேராது. மே 31 என்று கொடுத்தால் 30ஓடு சரி. ஜூன் 1 என்று கொடுக்க வேண்டும்.

பேக்கப் எடுத்துவிட்டு, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் டிஃபால்ட்டையும் மேயையும் மெயின் டேபிளிலிருந்து டிடாச் செய்யுங்கள் (கழற்றுங்கள்). மேயைச் சரியான எல்லையோடு அட்டாச் செய்து (திரும்ப இணைத்து), தவறிய வரிகளை மெயின் டேபிள் வழியாக இன்செர்ட் செய்து, டிஃபால்ட்டில் அவற்றை அழித்து, அப்புறம் அதையும் அட்டாச் செய்யுங்கள். டிஃபால்ட்டில் அந்த வரிகள் இருக்கும்போதே மேயை அட்டாச் செய்தால் எரர்தான். இந்த வேலை முடியும்வரை டேபிள் லாக் ஆகும், லாரிகளைப் பதிய முடியாது. பகலில் கை வைத்தால் எண்ணூர் விரைவுச்சாலை வரை லாரி நிற்கும், திட்டு நமக்கு.